கால் மணிக்கொரு திருத்தம்

பன்னிரண்டே முக்கால் வாசிப்பில் அந்தோணி பிரபு கிழக்கு என்று சொன்னான். ஆரோக்கிய ஷீலா பென்சிலைத் தாளின்மேல் போட்டுவிட்டு, கையிலிருந்த வாக்கி டாக்கியை ஒருதரம் முறைத்துப் பார்த்தாள். அவள் புருஷன் காலையில் டி.வி.எஸ். வண்டியில் கிளம்பிப் போனது மேற்கே, பிள்ளையார்பட்டி ரோட்டில். காரைக்குடியிலிருந்து கிழக்கே போய்ப் பிள்ளையார்பட்டி சேர்ந்தவர் யாரையும் அவள் கேள்விப்பட்டதில்லை.

“வடக்கு மூவாயிரத்து நானூறு. கிழக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு” என்றது குரல். அதற்குப் பிறகு வெறும் இரைச்சல்தான்.

ஒவ்வொரு வாசிப்பு முடிந்ததும் “சரியா டீச்சர்?” என்று கேட்பது பிரபுவின் வழக்கம். கல்யாணத்துக்கு முன் அவள் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்ததை ஆறு வருஷமாகக் கிண்டல் செய்துகொண்டிருக்கிறான். இந்தத் தடவை அது வரவில்லை. காலையில் நடந்த சண்டை இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது என்று ஷீலா நினைத்துக்கொண்டாள். கோபக்காரனுக்கு மேற்கு கிழக்காகத் தெரிவதில் ஆச்சரியம் என்ன.

சண்டைக்குக் காரணம் இருந்தது. பங்குனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது பிரபுவுக்கு வலிப்பு வந்து படியில் விழுந்துவிட்டான். சிவகங்கை டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, ஆறு மாசத்துக்கு வண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். ஆடி பிறந்ததும் அய்யா தொட்டுவிட்டார். செல்போன் கம்பெனி ஒன்று இந்தப் பக்கம் கோபுரம் நடப்போகிறது, எந்தெந்த இடத்தில் என்று மெட்ராஸில் வரைபடத்தில் புள்ளி வைத்துவிட்டார்கள், அந்தப் புள்ளிகளை மண்ணில் கண்டுபிடித்து முளை அடித்துக் கொடுக்க வேண்டிய வேலை இவனுக்குக் கிடைத்திருக்கிறது, விடுவானா. ஷீலா வாசல் வரை வந்து கத்தினாள். கடைசியாகச் சொன்னதுதான் காலையிலிருந்து அவளைக் குத்திக்கொண்டிருந்தது. எங்கயாச்சும் விழுந்து கெடந்தா என்னையத் தேடாதீக, என்று சொல்லியிருந்தாள்.

வேலை என்னவோ இரண்டு பேர் செய்தால்தான் ஆகும். கையடக்கமான ஒரு பெட்டி, தலைக்கு மேலே சுற்றும் செயற்கைக்கோள்களைக் கேட்டு, நீ இன்ன இடத்தில் நிற்கிறாய் என்று எண்ணில் சொல்லும். நாலு கோளாவது அதன் கண்ணில் பட வேண்டும். கூரைக்குக் கீழே போனால் அதற்குக் கண் தெரியாது. திறந்த வானத்தின் கீழும் அது முழு உண்மை பேசாது. கோள்களை ஏவிய அமெரிக்க ராணுவம், மற்றவர்களுக்குத் துல்லியமாகத் தெரிய வேண்டாமென்று வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பியது. அசையாமல் வைத்த பெட்டிகூட ஐம்பது மீட்டர், நூறு மீட்டர் என்று அங்குட்டும் இங்குட்டும் நடந்துகொண்டிருப்பதாகவே எண்ணைக் காட்டும். அதற்கு ஒரு மருந்துதான் உண்டு. ஒரு பெட்டியைத் தெரிந்த இடத்தில் அசையாமல் வைத்துவிட வேண்டும். அது இப்போது வடக்கே நாற்பது மீட்டர் நகர்ந்துவிட்டேன் என்று பொய் சொன்னால், ரோட்டில் இருக்கும் பெட்டியும் அதே நேரத்தில் அதே பொய்யைத்தான் சொல்லும். நாற்பதைக் கழித்துவிட்டால் ரோட்டில் நிற்பவனுக்குத் தன் காலடி இரண்டு மூன்று மீட்டருக்குள் தெரிந்துவிடும்.

தெரிந்த இடம் இந்த மாடி. ஊர்க் கோடியில், முகப்பு மேற்குத் தெருவிலும் கொல்லைக் கதவு கிழக்குத் தெருவிலுமாக நீண்டு கிடக்கும் செட்டியார் வீடு. சொந்தக்காரர்கள் மெட்ராஸில் இருந்தார்கள். மொட்டை மாடியில் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் பெட்டியை மூன்று நாள் விட்டுச் சராசரி எடுத்து, அந்த இடத்தையே பிரபு சைபராக வைத்திருந்தான். எல்லா அளவும் இந்த மேடையிலிருந்துதான். கால் மணிக்கு ஒருமுறை அவன் தன் எண்ணை வாசிப்பான், ஷீலா தன் பெட்டியைப் பார்த்துத் திருத்தம் சொல்லுவாள், இடத்தைக் கிராஃப் தாளில் புள்ளியாக வைப்பாள். காலையிலிருந்து புள்ளிகள் ஒழுங்காக மேற்கே போய்க்கொண்டிருந்தன. பன்னிரண்டரைக்கு அவன் வாசிக்கவில்லை. பன்னிரண்டே முக்காலுக்கு வாசித்தது இப்படி.

கோபம் கோபமாக இருக்கட்டும், வேலை வேலை. தெற்கே முப்பத்தி நாலு, கிழக்கே ஐம்பத்தொண்ணு கூட்டிக்கங்க என்று திருத்தத்தைச் சொல்லிவிட்டு, மேற்கா கிழக்கா பாத்துச் சொல்லுங்க என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஆடிக் காற்று மாடியில் மண்ணை வாரி இறைத்தது. எங்கோ ஒரு கதவு அடித்துக்கொண்டேயிருந்தது. எந்தக் கதவு என்று தெரியவில்லை. இந்த வீட்டில் எண்ணிப் பார்த்தால் நூறு கதவாவது இருக்கும், எல்லாம் பூட்டியவை. காலையில் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொன்னழகு வரும்போதே சாவிக்கொத்தோடுதான் வந்தாள். ஐம்பது வயதுக்காரி, வாய் ஓயாது. ஆடி வெள்ளியானதால் கோயிலில் கூழ் ஊற்றுகிறார்கள், போய்விட்டு விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன் என்றாள். வீட்டு ஆள் இல்லாதபோது முகப்புக் கதவைத் திறந்துபோட்டுப் போகக்கூடாது என்பது வீட்டுக்கார ஆச்சி கட்டளையாம், அதனால் வெளியே பூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னாள். அவசரமென்றால் கொல்லைக் கதவு உள்ளே தாழ்தான். ஷீலாவும் சரியென்று தலையாட்டிவிட்டாள்.

போகும் முன் பொன்னழகு, முன்கட்டைத் தாண்டி, இரண்டாம் கட்டில் ஒரே ஒரு அறையைத் திறந்து, ஒரு வெண்கலச் செம்பை எடுத்துவந்து கழுவி, புதுத் தண்ணீர் பிடித்து உள்ளே வைத்துப் பூட்டினாள். யாருக்கு என்று ஷீலா கேட்டாள். முத்துக்கருப்பன் அப்பச்சிக்கு என்று பொன்னழகு சாதாரணமாகச் சொன்னாள். பெரிய ஆச்சியின் மாமனாருக்குத் தம்பி. ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் ரங்கூனிலிருந்து காட்டுவழியாக நடந்தே கிளம்பினவர். கூட வந்தவர்கள் வந்து சேர்ந்தார்கள். அவரைக் கடைசியாகப் பார்த்தவன், வழி தப்பி வேறு பக்கம் திரும்பினார் என்று சொன்னானாம். சாவுச் சேதியும் வரவில்லை, ஆளும் வரவில்லை. அதனால் அந்த வீட்டில் யாரும் கருமாதி செய்யத் துணியவில்லை. கட்டில், மடித்த வேட்டி, வெள்ளிக்கு வெள்ளி செம்புத் தண்ணீர்.

“வந்தாகன்னா தாகமாத்தான வருவாக” என்று சொல்லிவிட்டுப் பொன்னழகு சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். 

ஒரு மணிக்கு மறுபடியும் கிழக்கு. ஒன்றேகாலுக்கும் கிழக்கு. மூன்று புள்ளிகளும் புதுவயல் பக்கம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி, கண்ணைக் கட்டிவிட்ட ஆள் தடவுகிற மாதிரி விழுந்தன. வாசிப்பில் தப்பு என்றால் ஒருதரம் நேரலாம், மூன்று தரம் எப்படி நேரும்? ஷீலாவுக்கு அப்போதுதான் உறைத்தது. பெட்டி பொய் சொல்லவில்லை. இவன் மனம்போனபடி கிழக்கே போய்விட்டான். பிள்ளையார்பட்டி ரோட்டில் போனவன் ஊரைச் சுற்றிக்கொண்டு புதுவயலுக்கு எதற்குப் போனான்?

வலிப்புக்குப் பிறகு ஒரு மணி நேரம் அவனுக்கு ஆள் தெரியாது, இடம் தெரியாது. பங்குனியில் கோயில் வாசலிலேயே நின்றுகொண்டு, நம்ம வீடு எங்குட்டு என்று அவளிடமே கேட்டான். அந்த முகம் ஷீலாவின் கண்முன் வந்தது. வாக்கி டாக்கியை வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“எங்க இருக்கீக? என்ன செய்யுது? வண்டிய அங்குட்டே போட்டுட்டு ஒரு எடத்துல உக்காருங்க.”

இரைச்சல். அதற்குள் மூச்சு வாங்குகிற சத்தம். அதற்குப் பிறகு அதே எண்கள், ஒவ்வொன்றாக, தேய்ந்துபோன குரலில்.

இறங்கி ஓடி யாரையாவது கூப்பிடலாம். தெருக்கோடியில் டெலிபோன் பூத் இருக்கிறது. ஆனால் புதுவயல் காட்டில் எங்கே போய்த் தேடச் சொல்வது? அவன் எங்கே இருக்கிறான் என்று இந்த உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள்தான், அதுவும் கால் மணிக்கு ஒருதரம் மட்டும். மாடியை விட்டு இறங்கினால் செங்கல் சுவருக்குள் இந்தச் செட்டுக்கு ஒன்றும் கேட்காது, அந்த நூலும் அறுந்துபோகும். மெட்ராஸிலிருந்து வந்த இன்ஜினீயர், இன்னும் பத்து வருஷத்தில் ஆளுக்கொரு போன் சட்டைப்பையில் இருக்கும், கோபுரங்களை வைத்துத் தான் எங்கே இருக்கிறோம் என்று அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும், அப்புறம் ஒருத்தரும் தொலையமாட்டார்கள் என்று சொன்னபோது பிரபு சிரித்தான். ஷீலாவுக்கு அந்தப் பத்து வருஷம் இப்போதே வேண்டியிருந்தது.

அவளிடம் இருந்தது திருத்தம் ஒன்றுதான். அதைச் சொன்னாள். சொல்லிவிட்டு, தன் வாயால் காலையில் சொன்னதை அழிக்கிற மாதிரி, மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொன்னாள்.

“சைபர் நான் இருக்க எடம். எண்ணு கொறையிற பக்கமா நடங்க. வீட்டுக்கு வந்துருங்க. நான் இங்கனதான் இருக்கேன்.”

ஒன்றரைக்கு எண் குறைந்திருந்தது. ஷீலா சிலுவை போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து அவள் நிழலுக்குப் போகவில்லை, கொண்டுவந்த தயிர்சோற்றைப் பிரிக்கவில்லை. ஒன்றேமுக்கால். இரண்டு. இரண்டேகால். ஒவ்வொரு தரமும் திருத்தம் சொன்னாள், ஒவ்வொரு தரமும் வாங்க என்றாள். புள்ளிகள் தாளின் வலது ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. முதலில் சந்தோஷமாக இருந்தது. பிறகு ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், வைத்திருக்கக் கூடாது. புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தன. கண்மாய், வயல், கோட்டையூர்த் தெருக்கள் எதற்கும் விலகாத ஒரே கோடு. கால் மணிக்கு எண்ணூறு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. மணிக்கு மூன்று கிலோமீட்டர். வண்டியின் வேகம் இல்லை. நடக்கிற ஆள். ரொம்பக் களைத்துப்போய், ஆனால் நிற்காமல் நடக்கிற ஆள்.

மூன்று மணிக்குத் தொண்டை வறண்டுபோய், அடுத்த வாசிப்புக்குள் திரும்பிவிடலாம் என்று தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கினாள். வெயிலிலிருந்து வந்த கண்ணுக்கு, தூண் வைத்த நடுக்கூடமான வளவு முழுக்க இருட்டாகத் தெரிந்தது. வௌவால் புழுக்கை வாடையும், பழைய தேக்கு வாடையும், எந்தக் காலத்திலோ இந்த வீட்டில் அரைத்த மஞ்சளின் வாடையும் கலந்து, யாரோ இப்போதுதான் மூச்சு விட்ட மாதிரி வெதுவெதுப்பாக முகத்தில் பட்டது. தூண்களுக்கு நடுவே அவள் செருப்புச் சத்தம் கொஞ்சம் தாமதித்துத் திரும்பி வந்தது. குடத்தில் மொண்டு குடித்துவிட்டு வரும்போது, இரண்டாம் கட்டில் அந்த அறையின் கதவிடுக்கில் கண் போனது. கட்டில். மடித்த வேட்டி. செம்பு, அதன்மேல் மூடிய சிறு தட்டு.

தட்டு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. தாளம் தப்பாமல். ஒரு தட்டல், கொஞ்சம் இடைவெளி, இன்னொரு தட்டல். பெரிய வண்டி தெருவில் போனால் இப்படி ஆடும். தெருவில் வண்டி எதுவும் போகவில்லை. ஷீலா படியேறி ஓடினாள்.

மூன்றேகால் வாசிப்பின்போதுதான் குரலைக் காதால் கேட்டாள். அதுவரை எண்ணை மட்டுமே கேட்டிருந்தாள். “வடக்கு ஆயிரத்து முன்னூற்றி சைபர் நாலு” என்றது. பிரபு எந்தக் காலத்திலும் சைபர் என்று வாசித்ததில்லை, ஜீரோ என்பான். இன்றைக்குச் சைபர் என்று சொல்லிச் சொல்லிக் கொடுத்தது அவள். அந்தக் குரல் கற்றுக்கொண்டிருந்தது.

இல்லை, ஆள் மயக்கத்தில் இருக்கிறான், நான் சொன்னதைத் திருப்பிச் சொல்கிறான், அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திருத்தம் சொன்னாள். ஆனால் இந்தத் தரம் வாங்க என்று சொல்ல வாய் வரவில்லை.

நாலேகாலுக்கு வீட்டுக்கும் புள்ளிக்கும் இடையே எண்ணூற்றைம்பது மீட்டர்தான் பாக்கி. மாடியில் நின்றால் கண்ணுக்கு எட்டும் தூரம். ஷீலா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பார்த்தாள். பொட்டல், கருவேல மரங்கள், சுழன்று நகரும் செம்மண் புழுதி. ஒற்றையடிப் பாதைகூட இல்லாத வெளி. ஆள் யாரும் வரவில்லை. வெள்ளாடுகள் ஒரு பத்து மேய்ந்துகொண்டிருந்தன. அவை இரண்டாகப் பிரிந்து, நடுவே ஒரு சந்து விட்டு, தலையைத் தூக்கி நின்றன.

தாளை எடுத்துத் திரும்ப முதலிலிருந்து பார்த்தாள். வீட்டுக்கு வாங்க என்று அவள் சொல்லுமுன் விழுந்த புள்ளிகள் திசையில்லாமல் சுற்றின. சொன்னபிறகு நேராயின. அவள் சொல்லச் சொல்லத்தான் அது திரும்பியிருந்தது. எத்தனை காலமாகவோ எங்கேயோ சுற்றிக்கொண்டிருந்த ஒன்றுக்கு, காலையில் ஒரு பேச்சுச் சொன்ன குற்றத்துக்காக, கால் மணிக்கொருதரம் அவள் வழி சொல்லிக்கொண்டிருந்தாள்.

நாலரைக்கு எண் வந்தது. ஷீலா பதில் சொல்லவில்லை. கையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாலேமுக்காலுக்குப் புள்ளி கோட்டிலிருந்து விலகியது. தெற்கே தள்ளி விழுந்தது. ஐந்து மணிக்கு மறுபடி வடக்கே. சுற்ற ஆரம்பித்துவிட்டது. அப்பாடா என்று ஒரு மூச்சு விட்டாள். அந்த மூச்சு முழுதாக வெளியே போவதற்குள் வாக்கி டாக்கியில், இரைச்சலுக்கு அடியில், ஒரு விம்மல் கேட்டது. ஆம்பளை அழுகிற சத்தம். வீட்டுக்கு எதிரிலேயே வழி தெரியாமல் நின்றுகொண்டு, பொருமிப் பொருமி.

பிரபுவாக இருந்தால்?

பங்குனியில் அவன் இப்படித்தான் அழுதான். நம்ம வீடு எங்குட்டு என்று கேட்டுவிட்டு, அவள் கையைப் பிடித்துக்கொண்டு. இருட்டப் போகிறது. பொட்டலில் பழைய கல்குவாரிக் குழிகள் உண்டு. இத்தனை மணி நேரம் நடந்து வந்தவனை, பயந்துபோய், கூப்பிடு தூரத்தில் கைவிட்டுவிட்டு அப்புறம் எந்த முகத்தோடு உயிர்வாழ்வது. பேயோ பிசாசோ, புருஷனாக இருப்பதற்கு நூற்றில் ஒரு பங்கு இருந்தால்கூடப் போதும். ஷீலா பெட்டியைப் பார்த்தாள். திருத்தத்தைக் கணக்கிட்டாள்.

“மேற்கே நாப்பத்தி ரெண்டு. தெற்கே பதினாறு. அழுகாதீக. வந்துட்டீக, இன்னும் கொஞ்சந்தான். வாங்க.”

விம்மல் நின்றுவிட்டது.

காற்றும் நின்றது. நாள் முழுக்க அடித்துக்கொண்டிருந்த கதவும்.

ஐந்தேகாலுக்கு வாசிப்பு வரவில்லை. ஐந்தரையும் ஆனது. கீழே, மேற்குத் தெருவில், வண்டிச் சத்தம் கேட்டது. பழக்கமான சத்தம், சைலன்சரில் ஓட்டை விழுந்த அந்த டி.வி.எஸ். ஷீலா மேற்குச் சுவருக்கு ஓடிக் குனிந்து பார்த்தாள். பிரபு வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான். சட்டையில் திருநீறும் புழுதியும். அவளைப் பார்த்ததும் குற்றவாளி மாதிரி சிரித்தான். பன்னிரண்டரைக்கே செட்டு குன்றக்குடிக் கண்மாயில் விழுந்துவிட்டது, தலை கிறுகிறுவென்று வந்தது, மாத்திரையைப் போட்டுக்கொண்டு பிள்ளையார்பட்டி மண்டபத்தில் இவ்வளவு நேரம் படுத்துக் கிடந்தேன் என்று கீழிருந்தே கத்திச் சொன்னான். சேறு காய்ந்து ஒட்டிய வாக்கி டாக்கியைத் தூக்கிக் காட்டினான். நீ சொன்னதுதான் சரி டீச்சர் என்றான்.

ஷீலாவுக்கு அழுகை வந்தது. அவன் உயிரோடு இருக்கிறான். கூழ்ச் சட்டியோடு பொன்னழகும் தெருமுனையில் வந்துகொண்டிருந்தாள், முந்தானை முடிச்சை அவிழ்த்தபடி.

அவள் கையிலிருந்த செட்டு கரகரத்தது.

“வடக்கு பதினொண்ணு. கிழக்கு பதினெட்டு.”

பொழுது போகாமல் காலையில் வீட்டின் படத்தை அதே தாளின் பின்பக்கத்தில் அவள் வரைந்திருந்தாள், மீட்டருக்கு ஒரு கட்டமாக. பதினொன்று, பதினெட்டு. இரண்டாம் கட்டு. அந்த அறை. கூரைக்குக் கீழே. எந்தப் பெட்டிக்கும் கண் தெரியாத இடம்.

கீழே எங்கோ தட்டு ஒன்று தரையில் உருண்டு, சுற்றி, அடங்கியது. பிறகு குடிக்கிற சத்தம். நீளமாக. ஒரே மடக்காக.

“கதவத் தொறக்காதீக” என்று கத்தினாள். கத்தியதாக நினைத்தாள். பொன்னழகு சாவியை நுழைத்துவிட்டாள், அது திரும்பமாட்டேன் என்று அடம்பிடித்தது. பிரபு பக்கத்தில் நின்று கதவைத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“வடக்கு ஆறு. கிழக்கு ஒம்பது.”

வளவு.

இப்போது கால் மணி இல்லை. திருத்தமும் கேட்கவில்லை.

“வடக்கு மூணு. கிழக்கு ரெண்டு.”

படிக்கட்டு. செருப்பில்லாத கால். ஒரு படி. கொஞ்சம் இடைவெளி. இன்னொரு படி. செம்மண்ணும் காட்டு ஈரமும் கலந்த வாடை.

ஷீலா திரும்பவில்லை. கண்ணைப் பெட்டியிலிருந்து எடுக்காமல் நின்றாள். நாள் முழுக்க ஒரு நிமிஷம் நிலைகொள்ளாமல் அலைந்த எண்கள். வடக்கே இருபது என்றும் மேற்கே அறுபது என்றும் ஓயாமல் நகர்ந்த எண்கள். அவை ஒவ்வொன்றாகக் குறைந்தன. நின்றன. சைபர், சைபர். அதற்குப் பிறகு அசையவில்லை.

“வந்துட்டேன்” என்றது குரல். செட்டில் இல்லை.

கீழே தெருவில் பிரபு, பூட்டைப் பொன்னழகிடம் விட்டுவிட்டு, அவளைப் பார்த்துக் கையாட்ட நிமிர்ந்தான். சிரித்தபடிதான் நிமிர்ந்தான். அவன் பார்வை அவள் முகத்தில் நின்றது, பிறகு கொஞ்சம் விலகி, அவள் தோளுக்குப் பக்கத்தில் போய் நின்றது. சிரிப்பு அப்படியே முகத்தில் மறந்துபோய்க் கிடந்தது.

பொன்னழகும் நிமிர்ந்து பார்த்தாள். பார்த்தவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, காலிலிருந்த செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். பிறகு மாடியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, வெகுநாள் கழித்து வீடு திரும்பிய எஜமானைக் கும்பிடுவதுபோலக் கும்பிட்டாள்.